கிராம சபையில் முதல்முறை பேசப் போகிறீர்களா? காதிலிருந்து தொடங்குங்கள்

குழாயடியிலும் டீக்கடையிலும் ஊர்ப் பிரச்சினையைப் புட்டுப்புட்டு வைக்கிறவர்கள் பலர், கிராம சபையில் மைக் கைக்கு வந்ததும் தடுமாறிப் போகிறார்கள். சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சிலருக்கு ஐந்து வருஷத்துக் கோபமும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். கூட்டம் கலைந்த பிறகு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூட அதில் இருக்காது.

நான் முதல்முறை பேசியபோதும் அப்படித்தான் ஆனது. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், ரேஷன் கடை நேரம் என்று ஏழு குறைகளை அடுக்கினேன். நன்றாகப் பேசியதாகப் பலரும் சொன்னார்கள், கைகூடத் தட்டினார்கள். ஏழில் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. பேசுவதற்கு மட்டும் தயாராகிப் போயிருந்தேன். அதற்கு முன்னாலும் யாரிடமும் காதுகொடுத்துக் கேட்கவில்லை, பேசிய பிறகு வந்த பதிலையும் சரியாகக் கேட்கவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் அதை மாற்றிக்கொண்டேன். அப்படிக் கற்றுக்கொண்டவற்றை, முதல்முறை பேசப் போகிறவருக்கு உதவும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இது உங்கள் சபை

பயத்தில் பாதி, ‘நான் யார் இங்கே பேச?’ என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அதனால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி அது நடக்கிறது. நம் மாநிலத்தில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் சபை கூடும். 2022இலிருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு கூட்டம் ஆகிவிட்டது.

கூட்டம் செல்லுபடியாக ஆட்கள் எண்ணிக்கையும் வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேலே என்றால் 300 பேர் வந்திருக்க வேண்டும். நீங்கள் போய் உட்கார்வதே அந்தச் சபையை நடத்திக்கொடுப்பதுதான். தலைவர் நடத்துவார், ஊராட்சிச் செயலர் கூட்டப்பொருளையும் வரவு செலவையும் வாசிப்பார், கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஓர் அலுவலர் வந்திருப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். யார் நடத்தினாலும், உங்களை யாரும் பெரிய மனசு பண்ணிப் பேச விடவில்லை. அது உங்கள் உரிமை.

இரண்டு வாரம் முன்னால்: கேட்டு வாருங்கள்

பேச வேண்டிய விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். தெருவுக்குப் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

எங்கள் மேலத்தெருவில் குடிநீர் சரியாக வராது. ‘டேங்க் ஆபரேட்டர் வேண்டுமென்றே திறப்பதில்லை, ஆளை மாற்றச் சொல்லிக் கேள்’ என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். ஒருநாள் காலையில் குழாயடியில் ஒரு பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘தண்ணி வரலையா பெரியம்மா?’ என்று கேட்டிருந்தால் ‘வரலப்பா’ என்று முடித்திருப்பார். ‘காலையில நீங்க எழுந்ததுலேர்ந்து தண்ணி பிடிச்சு முடிக்கறவரைக்கும் என்ன நடக்குது, சொல்லுங்களேன்’ என்றேன். அவர் சொல்லச் சொல்ல விஷயமே வேறாக இருந்தது. தண்ணீர் திறக்கும் நேரம் தவறுவதில்லை. பள்ளத்துத் தெருவில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குழாயில் காற்று வரும், அப்புறம்தான் தண்ணீர் வரும். வந்து பத்து நிமிஷத்தில் நின்றுவிடும்.

அப்புறம் ஆபரேட்டரிடமே போனேன். அவர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ‘அண்ணே, இந்த லைன் எப்படிப் போகுதுன்னு எனக்குக் காட்டுறீங்களா?’ என்றதும் எழுந்து வந்தார். பள்ளத்துத் தெருவுக்கும் எங்களுக்கும் ஒரே குழாய். நடுவில் அடைத்துத் திறக்க வால்வு கிடையாது. மேட்டுக்கு ஏறும் முன்னே தண்ணீர் பள்ளத்தில் வடிந்துவிடுகிறது. அவரை மாற்றி இன்னொருவரைப் போட்டாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். அந்த ஒரு மணி நேரம் கேட்டிருக்காவிட்டால், கூட்டத்தில் ஒரு மனிதரை அநியாயமாகக் குற்றம் சாட்டியிருப்பேன். குழாயும் அப்படியேதான் இருந்திருக்கும்.

கேட்பதற்கும் பழக்கம் வேண்டும். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிந்துபோகிற கேள்வியை விட்டுவிட்டு, எப்போதிலிருந்து, எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். பதில் முடிந்த மாதிரி தெரிந்தாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை சும்மா இருங்கள். அந்த இடைவெளியில்தான் பலர் உண்மையான காரணத்தைச் சொல்கிறார்கள். முடிவில், ‘நான் புரிஞ்சுகிட்டது சரியா பாருங்க’ என்று அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். எடுத்த எடுப்பில் நோட்டை விரிக்காதீர்கள். போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். பேசிவிட்டு, ‘மறந்துடுவேன், குறிச்சுக்கட்டுமா?’ என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்ப் பிரச்சினை என்று பேசப் போகிறவர்கள் ஊரின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும், ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் குக்கிராமத்துக்கும் நடந்து போய் அவர்கள் வாசலில் நின்று கேட்காதவரை, ‘ஊர் சார்பாக’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். உங்கள் தெருவின் சார்பாக மட்டும் பேசுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு கோரிக்கை

கேட்டு வந்ததில் நிறைய சேர்ந்திருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்கா பேசட்டும், இன்னொன்று அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். ஏழு குறையைச் சேர்த்துச் சொன்னால், பதில் சொல்கிறவர் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நானே பார்த்த அனுபவம் இது.

அந்த ஒன்றைப் புகாராக வைக்காமல், செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றுங்கள். ‘தண்ணீர் வரவில்லை’ என்பது புகார். ‘இந்த முக்கில் ஒரு வால்வு போடுங்கள்’ என்பது வேலை. புகாருக்கு ‘பார்க்கிறோம்’ என்று பதில் சொல்லிவிடலாம். வேலைக்கு முடியும், முடியாது என்று சொல்லியாக வேண்டும்.

பேச்சில் ஓர் எண்ணாவது இருக்கட்டும், அதுவும் நீங்களே எண்ணியதாக இருக்கட்டும். நாங்கள் பத்து நாள், வீட்டுக்கு எத்தனை குடம் கிடைத்தது என்று காலண்டரில் எழுதி வைத்தோம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 275 லிட்டர். எங்கள் குடம் 15 லிட்டர் பிடிக்கும், ஆக பதினெட்டு குடத்துக்கு மேல் வர வேண்டும். லிட்டரில் சொன்னால் கூட்டத்துக்கு உறைக்காது, குடத்தில் சொன்னால் உறைக்கும். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் குடம் தூக்கிய இடுப்பு உண்டு.

நான் கடைசியில் பேசியது இவ்வளவுதான்:

‘எல்லாருக்கும் வணக்கம். நான் மேலத்தெரு, மூணாவது வார்டு. எங்க தெருவுல இருபத்திரண்டு வீடு. மேட்டுல இருக்கறதால, தண்ணி திறந்து முக்கா மணி நேரம் கழிச்சுத்தான் எங்க குழாய்க்கு வருது. வந்து பத்து நிமிஷத்துல நின்னுடுது. பத்து நாள் எழுதி வச்சுப் பார்த்தோம். ஒரு வீட்டுக்கு ஆறு குடத்துக்கு மேல ஒரு நாளும் கிடைக்கல. அரசாங்கக் கணக்குப்படி அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்குப் பதினெட்டு குடம் வரணும். ஆபரேட்டர் அண்ணன் மேல தப்பு இல்ல, அவர் நேரத்துக்குத் திறக்கறார். பள்ளத்துத் தெருவுக்கும் எங்களுக்கும் ஒரே லைனா இருக்கறதுதான் காரணம். நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கோயில் முக்குல ஒரு கேட் வால்வு போட்டு, எங்க தெருவுக்குத் தனியா அரை மணி நேரம் திறந்து விடணும். இதை இன்னைக்குத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன்.’

நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிஷம் ஆகாது. ‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே’ என்று மேடையில் இருப்பவர் எல்லோரையும் வரிசையாக விளித்துக்கொண்டு போவது நம்மூர் வழக்கம். அதில் பாதி நேரம் போய்விடும். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போதும். செந்தமிழில் பேச முயலவும் வேண்டாம். பழக்கமில்லாத நடையில் வாக்கியம் பாதியில் சிக்கிக்கொள்ளும், அதிலேயே பதற்றம் ஏறும். நீங்கள் தினமும் பேசுகிற தமிழ்தான் அந்தக் கூட்டத்துக்கும் தாய்மொழி.

முடிந்தால் கோரிக்கையை ஒரு தாளில் எழுதி, தெருக்காரர்கள் கையெழுத்தோடு சில நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பேசிப் பாருங்கள், மனப்பாடம் வேண்டாம்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு நடுவில் ஒரு சொல் மறந்தால் மீதி எல்லாமே மறந்துபோகும். முதல் வாக்கியத்தையும் கடைசிக் கோரிக்கையையும் மட்டும் மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதற்கு நாலு சொல் குறித்த சின்ன அட்டை போதும்: ‘22 வீடு, முக்கால் மணி, 6 குடம் / 18 குடம், ஒரே லைன்’.

வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பது பயிற்சி ஆகாது. மொட்டை மாடியிலோ வயல் வரப்பிலோ நின்று, கூட்டத்தில் பேசும் அளவு சத்தத்தில் மூன்று தடவை பேசிப் பாருங்கள். ஒரு தடவை போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரல் யாருக்கும் முதலில் பிடிக்காது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வேகமாகப் போகும் இடத்தையும், வாக்கியத்தின் வாலை முழுங்கும் இடத்தையும் மட்டும் கவனியுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. ‘போடணும்’ என்பதை முழுங்கிவிட்டால் நீங்கள் கேட்டதே காணாமல் போய்விடும்.

அப்புறம் வீட்டில் ஒருவர் முன்னால் பேசுங்கள். முடித்ததும் ‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘நான் என்ன கேட்டேன்?’ என்று கேளுங்கள். அவர் ஒரே வாக்கியத்தில் ‘கோயில் முக்குல வால்வு’ என்று சொன்னால் பேச்சு தயார். யோசித்தால், இன்னும் குறையுங்கள்.

மைக்கும் உடம்பும்

சீக்கிரம் போங்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில், மைக் போய் வரும் வழியில் உட்காருங்கள். கடைசி வரிசையிலிருந்து எழுந்து எல்லோரையும் தாண்டி முன்னால் வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

உங்கள் முறை நெருங்கும்போது நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், கை நடுங்கும். பல வருஷம் பேசியவர்களுக்கும் இது உண்டு. உடம்பு ஒரு பெரிய காரியத்துக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்கட்டும், நாலைந்து முறை அப்படிச் செய்தாலே படபடப்பு இறங்கும். கையில் மெல்லிய தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடவென்று ஆடிக் காட்டிக்கொடுக்கும். அட்டையோ நோட்டோ ஆடாது. இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றி நில்லுங்கள்.

மைக்கை வாயிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். ‘ஹலோ, ஹலோ’ என்று தட்டிப் பார்க்க வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்து மைக்கைத் திருப்பினால் ‘கீ’ என்று அலறும். அப்படி அலறினால் பெட்டியிலிருந்து விலகி நில்லுங்கள், நின்றுவிடும். திறந்தவெளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். தெருக்கோடியில் 170 மீட்டர் தள்ளிக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் குரல் அரை நொடி தாமதமாக உங்கள் காதுக்கே வரும். புதிதாகப் பேசுகிறவர்கள் அதைக் கேட்டுக் குழம்பிவிடுகிறார்கள், கேட்கிறவர்களுக்கும் சொல்மேல் சொல் ஏறிக் கலங்குகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நொடி நிறுத்துங்கள், எல்லாம் தெளிந்துவிடும். அந்த நிறுத்தம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும், கேட்கிறவர்களுக்குத் தோன்றாது.

எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால், கூட்டத்தில் இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று தெரிந்த மூன்று முகங்களை வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையைச் சொல்லும்போது மட்டும் தலைவரைப் பாருங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் சட்டமானது. இருந்தும் சில ஊர்களில் தலைவர் பெண்ணாக இருக்க, பதிலைக் கணவர் சொல்ல எழுந்து வருகிறார். அப்போதும் உங்கள் முகம் தலைவரம்மாவைப் பார்த்தே இருக்கட்டும், ‘தலைவரம்மா, நீங்க சொல்லுங்க’ என்று மரியாதையாகக் கேளுங்கள். அவருக்கும் அது உதவியாக இருக்கும்.

பதில் வரும்போது உட்காராதீர்கள்

பேசி முடித்ததும் ‘அப்பாடா’ என்று இருக்கும். மனசு உடனே ‘நன்றாகப் பேசினோமா’ என்று உள்ளே திரும்பிவிடும். பதில் காதில் விழும், மனசில் பதியாது. நான் முதல் கூட்டத்தில் கோட்டைவிட்டது இங்கேதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். பதிலை எழுதுங்கள். எழுதுகிற ஆளைப் பார்த்தால் பதில் சொல்கிறவரும் கவனமாகச் சொல்வார்.

எல்லா ஊரிலும் பதில்கள் பெரும்பாலும் நாலு வகைதான். ‘பாக்கலாம்’ என்றால் அதில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. ‘யார் வந்து பார்ப்பாங்க, எந்தத் தேதிக்குள்ள?’ என்று கேளுங்கள். ‘மேல எழுதிப் போட்டிருக்கோம்’ என்றால் எந்த அலுவலகத்துக்கு, என்ன தேதியில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே எழுதியிருந்தால் தேதி சட்டென்று வரும். ‘ஃபண்டு இல்ல’ என்பதுதான் அதிகம் வரும் பதில். எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். எஸ்டிமேட்டே போடாமல் நிதி இல்லை என்று சொல்வது நிறைய நடக்கிறது. எந்த நிதியில் இல்லை என்றும் கேளுங்கள். ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இதைத் தெரிந்து வைத்திருக்கிறவர் கேட்கும்போது பதிலின் தோரணையே மாறுகிறது. கடைசியாக, ‘அது எங்க கையில இல்ல’. இது சில சமயம் உண்மை. மின்கம்பம், பட்டா, பஸ் போன்றவை ஊராட்சிக்குள் முடியாது. அப்போது ‘உரிய துறைக்கு அனுப்பும்படி சபை தீர்மானம் போடலாமே’ என்று கேளுங்கள்.

இத்தனையும் கேட்கும்போது குரல் உயராமல் இருக்க வேண்டும். அதற்கு எனக்கு உதவியது, குழாயடியில் பழகிய அதே வழிதான். பதிலை மைக்கிலேயே திருப்பிச் சொல்வேன்: ‘தலைவர் சொன்னது எனக்குப் புரிஞ்சது சரியான்னு பாக்கறேன். அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள எஸ்டிமேட் போடச் சொல்றோம்னு சொன்னீங்க. சரிதானுங்களா?’ தலைவர் ‘சரி’ என்று சொன்னால் அதை ஊரே கேட்டுவிட்டது. ‘அப்படிச் சொல்லல’ என்றால் அப்போதே தெளிவாகிவிடும். நீங்கள் சண்டை போடவில்லை, அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டதைக் காட்டுகிறீர்கள். கோபமாக வந்த பதில்கூட இதற்குப் பிறகு தணிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றவர்கள் பேசும்போதும் எழுந்து போகாமல் கேளுங்கள். கீழத்தெருக்காரர் கழிவுநீர் பற்றிப் பேசுவார், கேட்டுப் பார்த்தால் உங்கள் குழாய் உடைப்பும் அதே இடத்தில் இருக்கும். செயலர் வரவு செலவு வாசிக்கும் நேரத்தில்தான் கூட்டம் அதிகமாகச் சலசலக்கிறது. அந்த நேரத்தில் பேனாவும் காதும் தயாராக இருக்கட்டும். ‘குழாய் பராமரிப்பு’ என்று ஒரு தொகை வாசித்தால், எந்தத் தெருவில் நடந்த வேலை அது என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைக்கும். தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு பிள்ளையைப் பார்த்து நீங்கள் தலையாட்டினால், அந்தப் பிள்ளைக்குப் பார்க்க ஒரு முகம் கிடைக்கும்.

குறுக்கே பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ‘நீ எந்தக் கட்சி?’ ‘நேத்து வந்தவன்லாம் கேள்வி கேக்கறான்’ என்று வரும். அவர் முடிக்கும் வரை நிறுத்துங்கள், மைக்கை இறக்குங்கள். இருவர் ஒரே நேரத்தில் கத்தினால் கூட்டம் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கும். அவர் சொன்னதில் விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘பள்ளத்துத் தெருவுக்குத் தண்ணி குறைஞ்சுடும்னு கேக்கறீங்க, நியாயமான கேள்விண்ணே. நேரத்தைப் பிரிச்சா அவங்களுக்குக் குறையாதுன்னு ஆபரேட்டர் சொன்னார்.’ விஷயமே இல்லை என்றால், விட்ட இடத்திலிருந்து கோரிக்கையை இன்னொரு முறை சொல்லிவிட்டு நில்லுங்கள்.

புத்தகத்தில் ஏறும்வரை

வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: எந்த இடம், என்ன வேலை, யார் செய்ய வேண்டும். ‘மேலத்தெரு குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் அதில் வேலையே இல்லை. ‘கோயில் முக்கில் கேட் வால்வு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இருக்க வேண்டும். மாற்றி எழுதச் சொல்வதற்குத் தயங்காதீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வாரம் நடந்தீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். நகல் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் கேட்டு வந்த அதே ஆட்களிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். பெரியம்மாவிடம் நான் சொன்னபோது, ‘திறந்து விடற நேரத்தை எழுதினாங்களா?’ என்று கேட்டார். எழுதவில்லை. வால்வு மட்டும்தான் தீர்மானத்தில் ஏறியிருந்தது, அரை மணி நேரம் விட்டுப்போயிருந்தது. அடுத்த கூட்டத்துக்கான என் அட்டையில் முதல் வரியாக அதைத்தான் எழுதி வைத்தேன்: ‘போன கூட்டத் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லணும். அப்புறம், நேரம்.’